அண்ணன் பந்தில் இருந்த கோடுகள்

அந்தப் பந்தை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் தோல் வாசனையும் அண்ணனின் வியர்வை வாசனையும் கலந்து வரும். கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் உள்ளங்கையில் லேசாகச் சிவப்பு ஒட்டும்...

இப்போது நினைத்தாலும் அந்த வாசனைதான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

திண்டிவனத்தில், நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். குமரன் அண்ணன் விழுப்புரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். அங்கே நடந்த கிரிக்கெட் டோர்னமெண்ட் ஃபைனலில் எங்கள் ஊர் டீம் விழுப்புரம் டீமை ஜெயித்துவிட்டது. காரணம் அண்ணன். அவன் போட்ட பந்து காற்றிலேயே வளைந்ததாம். காலேஜில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் அருள்தான் எதிர் டீமின் கடைசி நம்பிக்கை. அவரையும் போல்டாக்கிவிட்டான். கப்பும் அந்தப் பந்துமாக வந்தவனைத் தெருவே தோளில் தூக்கிக்கொண்டது. எனக்கு அன்றைக்கு அண்ணன்தான் சாமி.

அவனுக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டும். எனக்குக் கைவந்தது பென்சில் ஒன்றுதான்.

அவன் இல்லாத நேரமாகப் பார்த்து, பந்தை ஜன்னல் ஓரம் வைத்து வரைய உட்கார்ந்தேன். பந்து வரைவது பார்க்கத்தான் சுலபம். வட்டம் போட்டுக் கறுப்படித்தால் தோசைக்கல்தான் வரும். வெளிச்சம் விழும் இடத்தில் பேப்பரை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். அங்கிருந்து பஞ்சால் தேய்த்துத் தேய்த்து, ஓரம் போகப் போக இருட்டாக்க வேண்டும். தையலில் ஒவ்வொரு நூலுக்கும் கீழே ஒரு குட்டி நிழல்...

பந்தின் ஒரு பக்கம் வழவழவென்று மின்னியது. இன்னொரு பக்கம் முழுக்கக் கீறல். எல்லாம் ஒரே திசையில், சீப்பால் வாரியது மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்தக் கீறல்கள்தான். பென்சிலைக் கூராகச் சீவிச் சீவி ஒன்றுவிடாமல் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீம் பையன்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தார்கள். தோற்றால் என்ன, நண்பன் நண்பன்தானே என்று அருளும் பஸ் பிடித்து வந்திருந்தார். அம்மா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேகவைத்துத் தட்டில் கொட்டினாள். நான் படத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அருள் மட்டும் படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கோடெல்லாம் அழகுக்கு நீயா போட்டதா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லண்ணா. பந்துல இன்னா இருக்குதோ அதான். ஒரு கோடு கூட நானா போடல. வேணும்னா வச்சிப் பாருங்க."

ஓடிப்போய்ப் பந்தையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். நானேதான் கொடுத்தேன்...

அவர் பந்தைத் திருப்பினார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் பந்தைப் பார்த்தார். மல்லாட்டை உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

தரையில் பட்டுத் தேய்ந்த பந்தில் கீறல் கன்னாபின்னாவென்றுதான் இருக்கும். இப்படி ஒரே திசையில் வர வேண்டுமென்றால் யாரோ சோடா மூடியால் சுரண்டியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை அப்படிச் சுரண்டினால் பந்து காற்றில் வளையும், ஆட்டத்தில் அது திருட்டுத்தனம். எனக்கு அது தெரியாது. அங்கே இருந்த மற்ற எல்லோருக்கும் தெரியும்.

அருள் கத்தவில்லை. "உன் தங்கச்சி நல்லா வரையுதுடா" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார். உரித்த மல்லாட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு பையன்தான் எனக்கு விஷயத்தை விளக்கினான். என் அண்ணன் ஏமாற்றினானா... அதைப் பிடித்துக் கொடுத்தது நானா...

மறுநாள் அண்ணன் கப்பைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினான். வெறுங்கையோடு திரும்பினான். அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. படமும் காணாமல் போனது. கிழித்துப் போட்டிருப்பான் என்று நினைத்தேன், கேட்கப் பயம். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நானும் மாறிவிட்டேன். யாரை வரைந்தாலும் தழும்பை விட்டுவிடுவேன், சொத்தைப் பல்லை உதட்டால் மூடிவிடுவேன். எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் எனக்கே அலுத்துப்போய், பென்சிலையும் விட்டாயிற்று.

போன மாதம் அண்ணன் விழுப்புரத்தில் வீடு கட்டிக் குடிபோனான். விக்கிரவாண்டி டோலில் மாட்டிக்கொண்டு நான் லேட்டாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள், நான் வரைந்த அந்தப் பந்து.

"ஏண்ணா இதப் போய் மாட்டி வச்சிக்கினு... வர்றவங்க கேக்க மாட்டாங்களா?"

"கேக்கறாங்க. நான் சுரண்டனதுதான்னு சொல்லிக்கினு இருக்கேன். ஆணி அடிச்சிக் குடுத்ததே அருள்தான்."

நான் ஃபிரேமுக்குக் கிட்டே போய் அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அன்று எல்லோரும் போனில் குரூப் போட்டோ எடுத்தோம். இப்போதுதான் பரு, சுருக்கம், கருவளையம் எல்லாவற்றையும் போனே துடைத்துவிடுகிறதே... போட்டோவில் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு பென்சில் எடுத்துவந்தான். கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வர என் மடியில் வைத்தான். நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னை வரை. எதையும் விட்ராத."

நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.