சவரிராயன் கை நனைத்த மதியம்

எடமலைப்பட்டி புதூரில் கிளம்பும் செய்தி மதுரை ரோட்டைத் தாண்டுவதற்குள் அதற்கு மீசை முளைத்துவிடும். சவரிராயனைப் பற்றிய செய்திக்குத் தாடியே வளர்ந்திருந்தது. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற சவரிராயன், ஜீயபுரத்தில் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில், போட்ட இலையை உதறிவிட்டு எழுந்துவிட்டாராம். நிறைந்த இலை இரண்டு அப்படியே மாட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்த ஆள் இருக்கிறதாம்.

எனக்கு இதைச் சொன்னவர் தையல்கடை தாஜுதீன். பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டும் தெளிவாகப் பேசக்கூடியவர்.

"வரதட்சணைத் தகராறுங்க. பின்ன? உக்காந்த இலையில இருந்து ஒரு மனுசன் சும்மா எந்திரிப்பானா?"

சட்டை வாங்க வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இல்ல பாய். சோத்துல மருந்து வச்சிருப்பாங்கன்னு பயம். அவரு யார் வீட்லயும் சாப்பிட மாட்டாரு, தெரியும்ல?"

நம் பக்கத்தில் சம்பந்தம் பேசும் வீட்டுச் சாப்பாடு பசிக்காகப் போடுவதல்ல. பிடிக்கவில்லையென்றால் காபியோடு எழுந்து வந்துவிடலாம், ஒருவரும் வருத்தப்பட மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம். இலை போட்ட பிறகு எழுந்தாலோ, அந்த இரண்டு குடும்பமும் அப்புறம் மாதா கோயிலில் ஒரே பூசைக்குக்கூடப் போகாது. ஆனால் சவரிராயன் மகள் லூர்துராணி அதே ஜீயபுரத்து வீட்டில்தான் ஆறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள், இரண்டு பிள்ளைகளோடு. செய்தியில் இருந்த இந்தப் பெரிய ஓட்டை வழியாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சவரிராயனையே கேட்டுவிடலாமென்று நான் சைக்கிளை எடுத்தேன்.

சவரிராயன் குழைந்த சோற்றை இன்னும் குழையப் பிசைந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முன்னால் அவர் மனைவி அற்புதம்மாள் சிரித்தார். பிறகு அவர் சொல்ல, அந்தம்மா திருத்த, கதை வந்தது.

எழுபத்து நாலில் அவருக்கு வயிறு கெட்டது. வாரம் போய் மாதம் ஆனது. சீதமும் ரத்தமுமாகப் போயிற்று. வயிறு வலித்தால் படுத்துக்கொள்ளும் உத்தியோகமா அது? டிக்கெட் கூண்டுக்கு வெளியே விழுப்புரம் போகிறவர்கள் கூட்டமாக நிற்பார்கள். உள்ளே குடல் முறுக்கும். 'மூடப்பட்டது' பலகையைச் சாய்த்துவிட்டு ஓடுவார். அரசாங்கச் சம்பளத்தைப் பற்றியும் அவர் பரம்பரையைப் பற்றியும் பயணிகள் பேசுவது கக்கூஸ் வரை கேட்கும். பக்கத்துக் கூண்டு மதுரைவீரன், "டீ குடிக்கப் போயிருக்காரு" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றுவார். டீக்கு இவ்வளவு வேகமாக ஓடும் மனிதரைத் திருச்சி ஜங்ஷன் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஊரில் எல்லோரிடமும் ஒரு மருந்து இருந்தது. உடம்புச் சூடு, கீரையாகத் தின்னுங்கள் என்றார் ஒருவர். தின்றார், இரட்டிப்பாக ஓடினார். பால் மட்டும் குடியுங்கள் என்றார் இன்னொருவர். அதற்குக் கூண்டிலேயே உட்கார முடியவில்லை. ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்ததில் கடைசியில் சாப்பிடுவதற்கு உப்புதான் மிஞ்சியது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று.

புத்தூரில் ஒரு டாக்டர்தான் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார். "பெருங்குடல்ல புண்ணு. தொத்து வியாதி இல்ல. அடங்கும், திரும்ப வரும். மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. வயிறு கெட்ட நாள்ல நாரு, காரம், பொரிச்சது வேணாம். குழைஞ்ச சோறு, தோல் எடுத்த காய், நல்லாப் பழுத்த பழம் போதும். நல்லா இருக்கற நாள்ல ஒவ்வொண்ணா சேத்துப் பாருங்க. உங்க வயித்துக்கு எது ஆகாதுன்னு ஊருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து அப்படியே. புதிதாக ஒரு காய் சேர்த்தால் சில நாள் வேறு எதையும் மாற்றாமல் காத்திருப்பார். சுரைக்காய் தேறியது. மாம்பழம் தோற்றது. வெளியே சாப்பிடுவது நின்றது. ஊர் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தது.

அவரும் மறுக்கவில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். திமிர் பிடித்தவன் மகளைக் கட்டிக்கொள்ள ஆள் வரும். குடல்நோய்க்காரன் மகள் என்றால் தரகர்கூட வாசற்படி ஏற மாட்டார்.

எழுபத்தொன்பதில் ஜீயபுரத்து இன்னாசிராஜ் மகன் விக்டருக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல பையன், ஆற்றோரத்தில் வாழைத்தோப்பு. பையன் வீட்டைப் பார்க்க முதலில் போனது ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. "இன்னைக்கு ஒருசந்தி விரதங்க" என்று சவரிராயன் தப்பித்தார். அவர் பக்தியில் இன்னாசிராஜ் உருகிப்போய், "அப்ப பாஸ்கா முடிஞ்சு பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, கை நனைச்சிடலாம்" என்றார். சேசுநாதர் உயிர்த்தெழப் போவதை நினைத்துப் பயந்த கிறிஸ்தவர் அந்த வருடம் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் வயிறு மறுபடி முறுக்க ஆரம்பித்தது. தேதியைத் தள்ளச் சொன்னார் அற்புதம்மாள்.

"தள்ளினா ஏன்னு கேப்பாங்கடி."

"போய் அங்க உக்காந்து ஓடினா மட்டும் கேக்க மாட்டாங்களா?"

காலையில் கஞ்சியும் மாத்திரையும் மட்டும். கரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கே இறங்கினால் மறைவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார். எதிர் சீட்டில் புதுப்புடவையில் லூர்துராணி. அப்பா முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். விக்டரை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது அப்பாவுக்கும் தெரியும்.

போய் இறங்கியதும், "தோப்பைப் பாக்கலாமா?" என்றார் சவரிராயன். இன்னாசிராஜ் பூரித்துப்போனார். சம்பந்தி சொத்தை எடை போடுகிறார் என்று நினைத்து, கிணறு, பம்புசெட், வரப்பு என்று காட்டிக்கொண்டே நடந்தார். இவர் கண் கொல்லைக் கோடியில் இருந்த கக்கூஸின் தகரக் கதவைத் தேடிக் கண்டுபிடித்தது. வீட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மாடு கட்டியிருந்தது. அது முட்டுமா என்று விசாரித்தார். "சாதுங்க. அதுவும் உங்க பொண்ணுக்குத்தான்" என்றார் இன்னாசிராஜ்.

இலை போட்டார்கள். வாழைத்தோப்புக்காரர் வீட்டு விருந்து: வாழைப்பூ வடை, வாழைக்காய் வறுவல், மிளகாய் கிள்ளிப் போட்ட வாழைத்தண்டுப் பொரியல், ஆட்டுக்கறிக் குழம்பு, ஓரத்தில் பூவன்பழம், பாயசம். பொரியலை இன்னாசிராஜ் மனைவி ரோசம்மாளே கொண்டுவந்து வைத்தார்.

"நம்ம கொல்லைத் தண்டுண்ணே. வயித்துக்கு அவ்வளவு நல்லது."

சவரிராயன் இலையைப் பார்த்தார். ஒவ்வொரு நாரும் தனித்தனியாகத் தெரிந்தது. பந்தியே அவர் கையைப் பார்த்தது. கதவோரம் லூர்துராணி நின்றாள். வயிற்றுக்குள் ஒரு முறுக்கு கிளம்பி, சுற்றி, நின்றது. சோற்றின் நடுவில் குழம்பு படாத இடமாகப் பார்த்து இரண்டு பிடி ஒதுக்கினார். பூவன்பழத்தை உரித்துப் போட்டுப் பிசைந்தார். வாயில் வைத்தார்.

கை நனைந்துவிட்டது. அற்புதம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆனால் ரோசம்மாள் கரண்டியோடு அங்கேயே நின்றார்.

"என்னண்ணே, பச்சப்புள்ள மாதிரி பழம் பிசையிறீங்க? குழம்பு புடிக்கலையா? இல்ல எங்களையே புடிக்கலையா?"

இன்னாசிராஜ் சோற்றைத் தொடுவதற்கு முன்பே பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தவர், அப்படியே நிமிர்ந்தார். விக்டர் நெற்றி சுருங்கியது. இன்னொரு ஒருசந்தியைச் சொல்லலாம். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, விரதம் கிடையாது. சவரிராயன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குக் குடல்ல புண்ணும்மா. அஞ்சு வருசமா. கறியும் தண்டும் இன்னைக்குத் தின்னா நான் உங்க கொல்லைய விட்டு வர மாட்டேன். அதான் தோப்பையும் பாத்தேன்."

கொல்லையில் மாடு மட்டும் மணியை ஆட்டியது.

"புள்ளைக்கு வருமா?" என்றார் ரோசம்மாள்.

"டாக்டரைக் கேட்டேன். வரணும்னு இல்ல, வரவே வராதுன்னு எழுதித் தரவும் முடியாதுன்னாரு. மறைச்சது தப்பு. நாங்க எந்திரிச்சுடறோம்."

அவர் எழுவதற்காகக் கையை ஊன்றினார். ரோசம்மாள் கரண்டியை நீட்டினார், அவரிடம் அல்ல, தன் புருஷனிடம்.

"நீங்க அந்தப் பாயசத்தை முதல்ல கீழ வைங்க."

"ஏய், ரோசா..."

"என்ன ரோசா? இவருக்குச் சக்கரைண்ணே, மூணு வருசமா. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால பாயசத்தை ஒதுக்கினா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு ரெண்டு வாட்டி வாங்கிக் குடிக்கிறாரு. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, மூச்சு விடக் கூடாதுன்னு. நீங்க ஒரு பக்கம் ஓடுங்க, இவரு ஒரு பக்கம் மயங்கி விழட்டும். நல்லாப் பண்ணுவீங்க கல்யாணம்!"

முதலில் சிரித்தவன் விக்டர். அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. இரண்டு பெரியவர்களின் இலையும் எடுக்கப்பட்டது. அவைதான் மாட்டுக்குப் போன நிறைந்த இலைகள், பார்த்தவர் பொய் சொல்லவில்லை. புது இலையில் சவரிராயனுக்குக் குழைய வடித்த சோறும் சுரைக்காயும் வந்தன. இன்னாசிராஜுக்குப் பாயசம் வரவில்லை. அவர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

தாம்பூலம் மாற்றிய பிறகு ரோசம்மாள் ஒரே ஒரு குறையைச் சொன்னார். "தண்டு நான் என் கையால நறுக்கினது. அதுல ஒரு வாய் நீங்க பாக்கிண்ணே. வயிறு அடங்கினதும் வந்து தீத்துட்டுப் போங்க."

சரிபார்க்க வந்தவன் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் போதாது என்று ஜீயபுரமும் போனேன். ரோசம்மாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பாக்கியை மட்டும் அழுத்திச் சொன்னார்: "அப்படியே நிக்குதுன்னு போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். சவரிராயன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப நல்லாத்தான் இருக்கு. கேரட்டு சேத்திருக்கேன், அது தேறட்டும். அப்புறம் பீர்க்கங்காய். தண்டு வர்ற தையில பாக்கலாம்."

அற்புதம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "போன தையிலயும் கேரட்டுலதான் நின்னுது."