மாஃப் கரோ

“…வோ பீ மேரே ஹீ தர்வாஜே பர்! மை பிகாரி ஹூம் க்யா?” என்று கத்திவிட்டு, மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரர் என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினார். என் வாசலிலேயே வந்து என்னைப் பிச்சைக்காரன் ஆக்குகிறாயா என்பது அதன் சாரம்.

நான் போனதோ மன்னிப்புக் கேட்க!

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு, அவருக்கு மேல்வீடு. வெயில்காலம் முழுக்க அவருடைய கூலர் தண்ணீர் எங்கள் துணிக்கொடியில்தான் இறங்கும். அந்தச் சனிக்கிழமை இறங்கிய இடம், மறுநாள் கோயிலுக்கென்று என் மனைவி கஞ்சி போட்டுக் காயவைத்திருந்த வெள்ளை வேட்டி. துருவும் சேர்ந்து இறங்கியிருந்தது. முற்றத்தில் நின்று அண்ணாந்து, தெரிந்த இந்தி வசவு ஒன்று, தமிழ் வசவு ஆறேழு, எல்லாவற்றையும் மேலே அனுப்பினேன். எந்த மொழியில் திட்டினாலும் திட்டு திட்டுதான் என்று அவருக்கா புரியாது?

“நாளைக்குத் திருவிருந்து. இந்த வாயோடயா போயி முழங்கால் போடுவிய? மாடியேறிப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க” என்றாள் மனைவி.

“தண்ணி ஊத்துனது அவன், மன்னிப்புக் கேக்கது நானா?”

“முழங்கால் போடப் போறது அவரா? நீங்கல்லா!”

சண்டையை வைத்துக்கொண்டு திருவிருந்தில் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கைநீட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். போன மாதம் ஆபீஸில் ஒருவரோடு மல்லுக்கட்டியதால், சபையே எழுந்து போக நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதமும் உட்கார்ந்தால் பெஞ்சுக்கே என் பேரை வைத்துவிடுவார்கள்.

ஆகவே ஏறினேன். மாஃப் என்றால் மன்னிப்பு, கரோ என்றால் செய். நானாகக் கற்ற இந்தி. “மாஃப் கரோ” என்றேன். கிடைத்தது அந்தக் கதவு.

“நான் கேட்டாச்சு. இனி அவன் பாடு, ஆண்டவர் பாடு” என்று குதித்துக்கொண்டு இறங்கினேன்.

“என்ன சொல்லிக் கேட்டிய?”

சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டாள். “அடப் பாவி மனுசா! பிச்சைக்காரங்க வந்தா ‘ஒண்ணுமில்ல, போ’ன்னு அனுப்ப நான் தெனமும் சொல்லுதது அதுல்லா! உங்களுக்குக் கோவமும் அரைகுறை இந்தியும் ஒண்ணா வந்தா ஊரு தாங்குமா?”

கட்டிலோரம் முழங்காலிட்டேன். “ஆண்டவரே, மேல்வீட்டுக்காரனுக்கு நல்ல புத்தி தாரும்” என்று தொடங்கிய ஜெபம், கூலர், துரு, கதவு என்று வெகுதூரம் போயிற்று. பாதியில்தான் உறைத்தது: இது ஜெபமே அல்ல, புகார் மனு. அதில் என் வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. வெட்கமாகப் போயிற்று. மறுபடி தொடங்கினேன். “எனக்குத் தாழ்மையைத் தாரும்.” அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். கொடுக்கிறவருக்கு என் பல்லும் தெரியும்.

திரும்ப ஏறினேன். கதவு திறந்ததும் கைகூப்பி, தமிழிலேயே சொன்னேன். “ஐயா, கோவத்துல கண்டபடி பேசிட்டேன். தப்பு என்னுதுதான். இந்தியும் எனக்குச் சரியா வராது. மன்னிச்சிருங்க.”

கூப்பிய கையைப் பார்த்தார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார்.

“மாஃப் கரோ நஹி. மாஃப் கீ-ஜி-யே. போலோ.”

‘செய்’ என்றல்ல, ‘செய்யுங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லு என்கிறார்! மத்திய சர்க்கார் கிளார்க், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் நான்.

“மாஃப் கிச்சே.”

“நஹி, நஹி. கீஜியே.”

கோபம் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். ஆச்சரியம், உள்ளே போயிற்று. மூன்றாம் தடவை சரியாக வந்தது.

“அச்சா!” என்றவர், உள்ளே திரும்பி மனைவி, மகன், மருமகள் எல்லோரையும் கூவி அழைத்தார். வாசல் நடுவில் ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப்போட்டு, என் தோளை அழுத்தி அதில் உட்கார வைத்து, “பிர் ஸே போலோ” என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்.