அண்ணன் காட்டிய மேசை

என் அண்ணனுக்கு வயது முப்பத்து நான்கு. பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன், வேலையை ராஜினாமா செய்துவிட்டு, மண் ஆராய்ச்சி செய்யக் கடல் தாண்டிப் போனான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன். "இந்த வயசுல ஸ்டூடன்ட்டா?" என்று மாமா கேலி செய்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

போய்ச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே எனக்குத் தனியாகப் போன் செய்தான்.

"என்னைச் சேத்துக்கிட்ட பேராசிரியர் இங்க இல்லடி. வேற நாட்டுக்கு வேலைக்குப் போயிட்டாராம்."

"அத உன்கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

"மூணு வாரம் முன்னாடியே மெயில் போட்டிருக்காங்க. ஸ்கூல் மெயிலுக்கு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்து முகவரி இருந்தால்தான் மதிப்பு என்று விண்ணப்பத்தில் அதைப் போட்டது இவன்தான். ராஜினாமா செய்த அன்றே பள்ளிக்கூடம் அதை மூடிவிட்டது. புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்று இந்த அசட்டுக்குத் தோன்றவே இல்லை.

வேறு பேராசிரியர் யாராவது எடுத்துக்கொண்டால் அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஊர் திரும்ப வேண்டியதுதான். மண் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே வேறு யாருமே இல்லை என்று கல்லூரி அலுவலகத்துப் பெண்மணி சிரித்த முகத்தோடு சொன்னாராம். இங்கே அவன் வேலைக்கும் ஆள் வந்தாயிற்று.

"வீட்ல சொல்லிடாத," என்றான்.

சாயங்காலம் வீடியோ கால். அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லோரும் ஒரே போனுக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். அப்பா புதுச்சட்டை வேறு போட்டிருந்தார், ஏதோ அவருக்குத்தான் கல்லூரியில் இடம் கிடைத்த மாதிரி.

"எங்க உக்காந்து படிப்ப? அதக் காட்டு," என்றாள் அம்மா.

அண்ணன் ஒரு நீளமான அறைக்குள் போனான். ஜன்னலோரம் ஒரு மேசையில் யாரும் இல்லை.

"இதுதாம்மா."

"உக்காரு. கண்ணாரப் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தான். மேசைமேல் யாருடைய குழந்தையின் படமோ இருந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்நேரம் பார்த்து, கையில் டீக் கோப்பையோடு ஒரு பெண் அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். மேசைக்காரி. அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அந்த நாகரிகம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"யாருப்பா அது?"

"கூடப் படிக்கிறவங்க."

அப்பா கைகூப்பினார். "எங்க பையன நல்லா பாத்துக்கோங்கம்மா."

ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். அண்ணன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டான்.

"நீ எதுக்கு எழுந்துக்கற? உன் இடத்துல நீ உக்காருடா!" என்று அம்மா கத்தினாள்.

"பரவால்லம்மா. நின்னுக்கறேன்."

பேசி முடித்ததும் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே அம்மா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "முதல் நாளே தன் நாற்காலிய எவளுக்கோ குடுத்துட்டு நிக்கறான். இப்படி இருந்தா இவன் அங்க எப்படிப் பொழைக்கப் போறான்?"