தகடில்லாமல் நின்ற காலைக் கோச்சி

போன கிழமை மன்னார் ஸ்டேஷனில் கொழும்பு ரயிலுக்காக, எங்கள் பேச்சில் கோச்சிக்காக, காத்திருந்தபோது பக்கத்துக் கதிரையில் ஒருவர் உரப்பையொன்றைக் கொண்டுவந்து வைத்தார். திறந்து பார்க்கத் தேவையில்லை, கட்டாக் கருவாடு என்று மூக்கு சொல்லிவிட்டது. அதே நேரம் தண்டவாளத்துக்கு அப்பால் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. யார் மாற்றினார்கள் என்று சுற்றிப் பார்த்தேன், ஒரு சனமில்லை. இப்படியான விஷயத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. வெள்ளைச் சட்டைத் தம்பி ஒருவரிடம் போய்க் கேட்டேன். "எல்லாம் கொம்பியூட்டர் ஐயா. இஞ்ச ஆரும் கை வைக்கிறேல்லை," என்றார். கருவாட்டு மணமும் ரயில் சமிக்ஞையும் ஒன்றாக வந்தால் என் நினைவு வேறு எங்கே போகும், சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மன்னார்த் தீவிலுள்ள ஒரு சின்ன ஸ்டேஷனில் டிக்கற் கிளாக்கராக இருந்தேன். ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் என்னோடு கதைக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

அப்போது விளக்கும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக இரண்டு ரயில்கள் வந்துவிடாமல் காத்தது உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு ஒன்றுதான். எங்களிடம் ஒரு இரும்புப் பெட்டி, அடுத்த ஸ்டேஷனில் அதன் சோடி. அங்கேயிருப்பவர் சம்மதித்துப் பொத்தானை அமத்தினால்தான் இங்கே தகடு வெளியே வரும். ஒன்று வெளியே வந்தால் இன்னொன்று வராது. எப்படி என்று கேட்டுக் கேட்டு ஸ்டேஷன் மாஸ்டரின் உயிரை வாங்கியிருக்கிறேன். பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை முகர்ந்துகூடப் பார்த்தேன். எண்ணெய் மணத்தைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. அந்தத் தகட்டைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் கொழுவி டிரைவரிடம் கொடுப்போம். அது கையில் இருந்தால் பாதை அவருடையது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். டிரைவர்மாருக்கு அன்பாகக் கருவாடு கொடுக்கும்போது அதையும் அந்தப் பைக்குள்ளேயே திணித்துவிடுவார்கள். தகடு நாறத் தொடங்கியதும் அடுத்த ஸ்டேஷன்காரர் முறைப்பாடு சொன்னார். எங்கள் மாஸ்டர், "இனிக் கருவாட்டுக்கு வேற பை," என்று ஒரு பழைய பையையும் வளையத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார். கெட்டிக்கார யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒருநாள் காலைக் கோச்சிக்கு டிக்கற் எடுக்கச் செல்வி ஓடிவந்தாள். மலையகத்துப் பெண், எங்கள் ஊர் மேசன் ஒருவரைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவள். இந்தியாவுக்கு அனுப்புகிற தோட்டத்து ஆட்களோடு அவளுடைய தாயையும் முதல் நாளே தலைமன்னார் இறங்குதுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கப்பல் அன்று காலையே வெளிக்கிடுகிறது, செல்விக்கு விடியத்தான் செய்தி கிடைத்ததாம். "அம்மாவ ஒருக்காப் பாத்திடணும் அண்ணே," என்றாள். மீதிக் காசை வாங்காமலே ஓடினாள்.

போர்ட்டர் சந்தியாப்பிள்ளை அண்ணன் இரண்டு வளையங்களோடு எஞ்சினுக்குப் போனார். ஒன்றைக் கொடுத்தார், மற்றதைக் கொடுப்பதற்குள் ரயில் வெளிக்கிட்டுவிட்டது. திரும்பி வரும்போது கையிலிருந்த பையைத் தடவிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"கருவாடு போயிட்டுது தம்பி. தகடு நிக்குது."

கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பனைகளுக்கு நடுவே ரயிலும் நின்றது. டிரைவர் பையைத் திறந்துவிட்டார் என்று விளங்கியது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு என் சைக்கிளைப் பார்த்தார். வளையத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி மணலில் உழக்கினேன். இரண்டு தரம் விழுந்தேன்.

அங்கே செல்வி இறங்கி எஞ்சினடியில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். "எதுக்க வேற கோச்சி வராதுன்னு ஒங்களுக்கே தெரியுமில்ல?"

டிரைவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். பாவம், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "தெரியும் நங்கி," என்று தங்கச்சி முறை சொன்னார். "எனக்குத் தெரிஞ்சாப் போதாது. தகடு வரணும்."

எனக்கு அந்த மனுசன்மேல் கோபம்தான் வந்தது. தகட்டை நீட்டினேன். என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ரயில் பறந்தது. கப்பல் போயிருக்கும் என்றே நினைத்தேன்.

போகவில்லை. அந்த நாளில் கொழும்பில் வாங்கும் ஒரே டிக்கற்றில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மதராஸ்வரை போகலாம். அதனால் ரயில் வந்து சேராமல் கப்பல் ஏணியைத் தூக்கக்கூடாது என்று சட்டம். ரயிலை நிற்கவைத்ததும் சட்டம், கப்பலை நிற்கவைத்ததும் சட்டம். இரண்டையும் எழுதியவர்கள் செல்வி என்றொருத்தியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

மூட்டைகள் ஏற்றி முடியும்வரை தாயும் மகளும் கையை விடவில்லை. "எல்லாரும் கோச்சிய ஏசுனாங்க. நான் ஏசல. நீ அதுலதான் வருவேன்னு தெரியும்," என்றார் அந்த அம்மா. மகளின் கலைந்த தலையைக் கையாலேயே வாரிப் பின்னிவிட்டார். பிறகு ஏணி ஏறினார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், வெட்கமில்லை.

பிறகு கப்பல் நின்றது. சண்டையில் ரயிலும் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகள் பதுங்குகிற பங்கர்களுக்குப் போயின, பித்தளைத் தகடு யார் வீட்டில் கிடக்கிறதோ. இப்போது ரயில் திரும்ப வந்துவிட்டது. நாட்டுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சமிக்ஞை, இன்னும் வேகமான ரயில் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். ஆவலாக வாசிக்கிறேன். ஆனால் தலைமன்னாரில் தண்டவாளம் கடலைப் பார்த்தபடி முடிந்துவிடுகிறது.

செல்வியும் சண்டை நாளில் அந்தக் கடலைத்தான் கடந்தாள். புருசன் ஷெல் பட்டுச் செத்த கிழமை, இரண்டு பிள்ளைகளோடு கரைக்கு வந்து, இளையதோடு மீன்பிடிப் படகில் ஏறினாள். மூத்தவன் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குடிசைக்கு ஓடியிருந்தான். அந்தப் படகுக்குச் சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் வெளிக்கிட்டுவிட்டது.