ஆல்ட்வினின் சங்கு

எங்கள் ஆன்ஸ் பெல் அமைதியான கடலோர ஊர். அரசாங்கம் முப்பது வருடமாகச் சாலை போட மறந்ததால் வாய்த்த அமைதி. 'அமைதி, புத்தம்புது மீன்' என்று பலகை எழுதி, விடுதிக்காரி வெர்லின் அதை வெளிநாட்டவருக்கு விற்றுவந்தாள்.

அதற்கு ஒரே இடைஞ்சல் மீனவர் ஆல்ட்வின். விடியலில் படகு கரையேறியதும் சங்கை ஊதுவார். அதைக் கேட்டுத்தான் ஊரே மீன் வாங்க இறங்கிவரும்.

"மாமா, விருந்தாளிங்க தூக்கம் கெடுது. இனி ஊதாதீங்க."

"அப்ப மீனையே கத்தச் சொல்லவா?"

ஊர்க்கூட்டம் அமைதியின் பக்கமே கையைத் தூக்கியது. மறுநாள் ஆல்ட்வின் ஊதவில்லை. ஒருவரும் வரவில்லை, ஒரு கூடை சூரை மீன் வெயிலில் நாறியது. அதற்கடுத்த நாள் பக்கத்து ஊர்க் கரையில் போய் ஊதினார். அரைமணியில் கூடை காலி.

அன்று வெர்லினின் விருந்தாளிகளுக்கு டப்பா மத்திதான் கிடைத்தது. அவர்கள் போட்ட கூச்சலுக்குச் சங்கே தேவலை. சாயங்காலமே அவள் ஆல்ட்வின் வீட்டுக்கு ஓடினாள்.

"நாளைக்கு இங்கயே ஊதுங்க மாமா. கொஞ்சம் மெதுவா."

"மெதுவா ஊதினா மெதுவாத்தான் வருவாங்க, பரவாயில்லையா?"

மறுநாள் மலையே அதிர ஊதினார். வெர்லின் பலகையில் ஒரு வரி சேர்த்துவிட்டாள்: 'தினமும் விடியலில் பாரம்பரிய இசை.'