அப்பா பெயரில் ஒரு விஸ்கி

காலை பத்து மணிக்கு விஸ்கியை வாயில் ஊற்றி, நாக்கில் புரட்டி, வாளியில் துப்புவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எடின்பரோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் கட்டடம். ஜன்னலுக்கு வெளியே தூறல், உள்ளே நாலு பேர் வாளியைச் சுற்றி நின்று மரியாதையாகத் துப்பிக்கொண்டிருப்போம். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் தாம்பரத்தில் கடைவாசலில் நின்று ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு ஊறுகாயை நக்குகிறவர்கள் இதைப் பார்த்தால் வயிறு எரிந்து போவார்கள்.

எங்கள் கம்பெனி சொந்தமாகச் சாராயம் காய்ச்சுவதில்லை. நெல் விளைவிக்காமல், நல்ல நெல்லாகப் பார்த்து வாங்கி அரைத்துத் தன் பெயர் போட்டு விற்கும் அரிசி மண்டிக்காரரைப் போலத்தான். வெவ்வேறு ஊர்களில் முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் விஸ்கியைப் பீப்பாயோடு வாங்கி, வருடக்கணக்கில் உறங்கவிட்டு, எதை எதோடு சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று மூக்கை வைத்து முடிவு செய்வோம். அப்படிப் பல மால்ட்கள் சேர்ந்தால் அதற்கு பிளெண்டட் மால்ட் என்று பெயர். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் கிடந்தது என்றால் உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் கருப்பட்டியும் கலந்த ஒரு வாசனை வரும். முதல்முறை முகர்ந்தபோதே எனக்கு அது பிடிபட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சமையலறை அப்படித்தான் இருக்கும்.

என் மேலாளர் ஆலன் நல்ல மனிதர். உன் அப்பா என்ன குடிப்பார் என்று ஒருநாள் கேட்டார். அப்பா குடிக்க மாட்டார் என்றேன். உடனே அவர் முகம் வாடி, குரலைத் தாழ்த்தி, "நிறுத்தி எவ்வளவு நாளாகிறது?" என்றார். தொடங்கவே இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா தெரியவில்லை. இங்கே கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரு கோப்பை உண்டு. கையில் கோப்பை இல்லாதவனுக்கு ஏதோ கதை இருக்கிறது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் கோப்பை இருக்கிறவனுக்குத்தான் கதை.

என் அப்பா ஞானசிகாமணி, வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் தெருமுனையில் மதுக்கடை வரப்போகிறது என்றபோது, சபையாரைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நின்று அதை வரவிடாமல் செய்தவர். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, அன்று தட்டி பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் மகள் வெளிநாட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று ஆலயத்தில் யாராவது கேட்டால், "ஃபுட் டெக்னாலஜி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார். பொய் இல்லை, நான் படித்தது அதுதான். ஆனாலும் அப்பா வாயால் என் வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏக்கம் இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டிலும் கேக்குக்கு ரம் வேண்டும். ரம்மில் ஊறாத திராட்சை போட்ட கேக்கை அம்மா கேக் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே வருடா வருடம் எதிர்வீட்டு சேகர் அண்ணன் கால் பாட்டில் ரம்மை செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து சமையலறை வழியாகக் கொடுப்பார். அவர் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க வயல் இருந்தது, இப்போது ஹார்டுவேர் கடை. அப்பாவிடம் படித்தவர். அவர் வரும் நேரம் பார்த்து அப்பா மாடிக்குப் போய்விடுவார்.

போன வருடம் ஆலன் முதல்முறையாக ஒரு விஸ்கியை முழுக்க என் பொறுப்பில் விட்டார். பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்ததும் நான், அளவைத் தீர்மானித்ததும் நான். எங்கள் கம்பெனியில் தேர்ந்தெடுத்தவரின் குடும்பப் பெயரை லேபிளில் போடுவது வழக்கம். அச்சாகி வந்ததை எடுத்துக்கொண்டு ஆலனிடம் ஓடினேன். தங்க எழுத்தில், 'ஞானசிகாமணி தேர்வு'.

"இது என் அப்பாவின் பெயர்" என்றேன்.

"என்னுடையதும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்" என்றார் ஆலன், சந்தோஷமாக.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று அப்பா பெயரை நிரப்புகிறோம், இது உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் சொந்தப் பெயர் என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். மதுக்கடையை விரட்டிய மனிதரின் பெயரில் ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கி கடைக்கு வந்துவிட்டது.

டிசம்பரில் ஒரு பாட்டிலை ஸ்வெட்டரில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் காட்டி, குடிக்க வேண்டாம், ஒருமுறை முகர்ந்து மட்டும் பாருங்கள் என்று கேட்பதாகத் திட்டம். நல்ல நேரம் வரவே இல்லை. கீழ்க்கட்டளையில் தோழியைப் பார்த்துவிட்டு ஒரு மாலை வீடு திரும்பினால், பாட்டில் சாப்பாட்டு மேஜையில் நிற்கிறது, பாதி காலி. பக்கத்தில் பாத்திரம் நிறையத் திராட்சையும் முந்திரியும் ஊறிக்கொண்டிருக்கின்றன.

"நீ வர்றேன்னுதான் இந்த வருஷம் சேகரை வாங்க வேணாம்னுட்டேன்" என்றார் அம்மா. "பொட்டிலேர்ந்து நானே எடுத்துக்கிட்டேன். நல்ல ரம்மு, வாசனையா இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் அண்ணன் உள்ளே வந்தார். வெளிநாட்டுச் சரக்கு என்றதும் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது, பாட்டில் மேல உங்க பேரு போட்டுகீது" என்றார் அண்ணன்.

அப்பா எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் குடும்பப் பெயர், கட்டம், ஆலன் என்று உளறிக்கொட்டினேன். அவர் மூடியைத் திறந்தார். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவாரே, அதேபோல பாட்டிலைத் தள்ளிப் பிடித்து, உள்ளங்கையால் காற்றை விசிறித் தன் பக்கம் இழுத்தார். கண்ணை மூடினார். இன்னொரு முறை விசிறினார்.

"அடியில லேசா கந்தகம் எரிச்ச வாசனை வருதே" என்றார்.

என் விஸ்கியும் ஷெர்ரி பீப்பாயில் கிடந்ததுதான். அந்த ஸ்பெயின் பீப்பாய்கள் கெட்டுப்போகாமலிருக்க உள்ளே கந்தகத்தைக் கொளுத்துவார்கள். நான் எடுத்த பீப்பாய்களில் ஒன்றில் அதன் சுவடு இருந்தது. ஆலனுக்குக்கூடத் தெரியவில்லை. இனிப்பு திகட்டாமலிருக்க அது கொஞ்சம் இருக்கட்டும் என்று நான்தான் விட்டுவைத்தேன்.

"இருக்குப்பா. வேணும்னுதான் விட்டேன்" என்றேன்.

"அங்க யாரும் கண்டுபிடிக்கலையா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"கண்டுபிடிச்சியா" என்றார் அப்பா. மூடியைத் திருகிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. குடித்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. இத்தனை வருடம் இந்த மூக்கை நானே வளர்த்துக்கொண்டதாக அந்நிய ஊரில் பீற்றிக்கொண்டிருந்தேன். சமையலறைக்குள் போய் நன்றாக அழுதேன். அம்மா, விஸ்கியை வீணாக்கியதற்கு அழுகிறேன் என்று நினைத்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போ என்றார். மிச்சமும் கேக்குக்கே போனது. இரும்புலியூரில் எங்கள் தெரு முழுக்க அந்தக் கேக்கைத் தின்றது.

காலி பாட்டில் இப்போது எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது, என் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பைகளுக்கு நடுவில். விருந்தாளிகள் வருவார்களே என்று அம்மா லேபிளைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பார். அப்பா சத்தமில்லாமல் முன்பக்கம் திருப்பி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். போன வாரம் ஆயர் ஜெபத்துக்கு வந்திருக்கிறார். அன்று அம்மா இரண்டு முறை திருப்பி வைத்தும் பலிக்கவில்லை. ஆயர் படித்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாராம்.

"என்ன சொன்னீங்கப்பா?" என்று கேட்டேன்.

"என் பொண்ணு விஸ்கி கம்பெனியில இருக்கா, மூக்குதான் வேலைன்னு சொன்னேன்" என்றார். "ஜெபத்துல உன் வேலைக்காகவும் சேர்த்துக்கிட்டார்."

பின்னால் அம்மாவின் கை வந்து பாட்டிலைத் திருப்பியது. லேபிள் சுவரைப் பார்த்துக்கொண்டது. அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.