சாமிக்கு விட்ட காளை

ஊரில் முதன்முதலில் சொட்டுநீர்க் குழாய் போட்டவள் என்பதால் அவளுக்குச் சொட்டு அக்கா என்று பெயர். மழை இரண்டு வருடமாகக் கண்ணாமூச்சி காட்டியதில் பச்சை மிச்சமிருந்தது இரண்டே இடத்தில்: அக்காவின் கீரைத்தோட்டம், கோயில் தலைவரின் நாற்றங்கால். தலைவருடையதைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. அக்காவிடம் வேலிக்கு வசதியில்லை.

மழை தவறக்கூடாதென்று சாமிக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்று ஊரில் இருந்தது. கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. புல் முழங்கால் உயரம் வளர்ந்த காலத்தில் வைத்த விதி. அப்போது அது எங்கே மேய்ந்தது என்று கவனித்தவர்கூட இல்லை. இப்போது அக்காவின் தோட்டத்தை மொட்டையடித்தது. மறுபடி விதைத்தாள், முளையும் போயிற்று. இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் விதை இருந்தது. அதுவும் போனால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான்.

தலைவர் டீக்கடை பெஞ்சில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கொட்டகை போட்டு, வீட்டுக்கொரு கட்டுத் தீவனம் கொடுத்துடலாமே?"

"கட்டிப்போட்டா மழை வராது தங்கச்சி."

"அவுத்துவிட்டு மட்டும் கொட்டித் தீத்துச்சாக்கும்!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தலைவர் முகம் கறுத்தது. "சாமியே உன் தோட்டத்துல வந்து சாப்பிடுது. கும்பிட்டுட்டுப் போவியா, கணக்குக் கேக்குறியே? பிச்சைக்காரப் புத்தி!"

இப்போது அதே பெஞ்சு அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது.

மறுநாள் காலை முந்தானையில் வெல்லம் முடிந்துகொண்டு கிளம்பினாள். காளைக்கு ஒரு துண்டு நீட்டினாள். கொஞ்சம் நடந்து இன்னொரு துண்டு. கட்டவில்லை, அடிக்கவில்லை, விரட்டவில்லை. தலைவரின் வேலிக்கதவைத் திறந்து, மிச்ச வெல்லத்தை நாற்றங்காலின் நட்டநடுவில் வீசினாள்.

தலைவர் தடியோடு பாய்ந்து வந்து காளையின் முதுகில் விளாசினார். எதிரே பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. "ஐயோ, சாமி மாட்டை அடிக்கிறீங்களே!" என்று முதலில் அலறியது அவர் மனைவிதான்.

சாயங்காலம் கோயிலில் ஊர் கூடியது.

"இவதான் வெல்லத்தைக் காட்டி இழுத்துட்டு வந்தா!" என்று கத்தினார் தலைவர்.

"ஆமா. சாமிக்கு வெல்லம் கொடுத்தது குத்தமாண்ணே?"

அடித்த பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று பூசாரி கேட்டார். அக்கா எழுந்தாள். "இவர் வாசல்லயே கொட்டகை போடட்டும். தீவனத்தை இவரே சுமந்து போடட்டும், மழை வர்ற வரைக்கும்."

அப்படியே முடிவாயிற்று.

கடைசி விதை முளைத்து இலை விட்டுவிட்டது. தோட்டத்துக்குக் குறுக்குவழி இருந்தும் அக்கா தலைவர் வீட்டைச் சுற்றித்தான் போகிறாள். தீவனக்கட்டைத் தலையில் சுமந்து அவர் தள்ளாடி வருவதை நின்று, நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாள்.

நேற்று வானம் கறுத்தது. ஊரே கும்பிட்டது. அக்காவும் கைகூப்பினாள்: இன்னும் ஒரு மாதம் போகட்டும் சாமி.